போக இஷ்டமில்லாமல் போன மதினிக்கு

மதினி,

இன்று காலை தலையணை உறைக்குத் துணி எடுக்க அபர்டீன் பஜாருக்குப் போயிருந்தேன். நீங்கள் வழக்கமாகப் போகிற பாய் கடைதான். அவர் மேல்தட்டிலிருந்து வெள்ளை மல் துணிக் கட்டு ஒன்றை இறக்கிப் பலகைமேல் உருட்டினார். புதுத் துணியின் கஞ்சி வாசனை மூக்கில் ஏறியதும், எத்தனை மீட்டர் என்று சொல்ல வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

உங்கள் கழுத்துக் குழாயின் முன்னால் நனைத்துத் தொங்கவிட, சதுரம் சதுரமாக நான் வெட்டி ஓரம் தைத்தது இந்தத் துணியைத்தான். மூக்கு வழியாகப் போகாத காற்று வறட்சியாக நெஞ்சுக்குள் இறங்கும், அதனால் ஈரத்துணி எப்போதும் இருக்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லிக் கொடுத்திருந்தார். பாய்க்கும் அது நினைவிருந்தது. "அக்காவுக்கு எடுத்த துணியில்ல இது" என்றார். ஆமாம் என்றேன். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, அல்லா அவங்களுக்கு அமைதியைக் கொடுக்கட்டும் என்றார். நல்ல மனிதர். மனதாரத்தான் சொன்னார். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. உங்களுக்கு அமைதியா? உயிரோடு இருந்தவரை உங்களுக்கு ஆகாத ஒன்று அது. வீட்டுக்கு வந்து சமையலை முடித்த கையோடு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் முகத்தைப் பார்க்கும் முன்பே எனக்கு அறிமுகமானது உங்கள் குரல். எனக்கும் உங்கள் தம்பிக்கும் நடந்த கல்யாணத்துக்கு வர உங்களுக்கு லீவு கிடைக்கவில்லை. ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலிருந்து உங்கள் தம்பியோடு புறப்பட்டுக் கப்பலேறி, வழியெல்லாம் வாந்தியெடுத்து, ஹேடோ துறையில் தள்ளாடிக்கொண்டே இறங்கினேன். கூட்டத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. "ஏலே, பெட்டிய அவ கையில குடுத்துட்டு நீ கைய வீசிட்டா வார?" சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். உங்கள் தம்பி அந்த இடத்திலேயே என்னிடமிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். நான் பேசுவது பக்கத்தில் இருப்பவருக்கே சரியாகக் கேட்காது. இந்தக் குரலோடு ஒரே வீட்டில் எப்படிக் குடித்தனம் பண்ணப் போகிறோம் என்று எனக்குப் பயமாக இருந்தது.

ஊருக்கு அந்தக் குரல் முன்பே பழக்கம். மின்துறையின் புகார் அறையில் போன் எடுப்பது உங்கள் வேலை. பொதுப்பணித் துறையில் மேஸ்திரியாக இந்தத் தீவுக்கு வந்த மாமா, உங்கள் அப்பா, திடீரென்று இறந்துபோக, கருணை அடிப்படையில் கிடைத்த வேலை அது. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த தம்பியை அதை வைத்துத்தான் வளர்த்தீர்கள். கல்யாணப் பேச்சை எடுத்தவர்களிடம், இப்ப லைன்ல ஆள் இருக்கு, அப்புறம் பேசுங்க என்பீர்களாம். அந்த அப்புறம் வரவே இல்லை. கரண்ட் போனால் மின்னி பேயிலிருந்து கூப்பிட்டாலும் புரோத்ராபூரிலிருந்து கூப்பிட்டாலும் எடுப்பது நீங்கள். ஹிந்திக்காரருக்கு ஹிந்தி, வங்காளிக்கு அரைகுறை வங்காளம், நம்மவர்களுக்குத் திட்டும் சேர்த்துத் தமிழ். மீன் வாங்கும்போது நீங்கள் வாயைத் திறந்ததும், அரே, கம்ப்ளைன்ட் தீதி, அதாவது புகார் அக்கா, என்று மீன்காரர் கண்டுபிடித்துவிட்டதை எத்தனையோ தரம் சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள்.

நோய் மூக்கில் ஆரம்பித்தது. ஒரு பக்கம் மட்டும் அடைப்பு. கடல் காற்று என்றார்கள், தூசி என்றார்கள், அலர்ஜி என்றார்கள். மாத்திரைகள் மாறிக்கொண்டே இருந்தன. அடைப்பு போகவில்லை. பிறகு தொண்டை வலி. பிறகு குரல் கம்மியது. சாயங்காலமானால் காய்ச்சல். நீங்கள் மெலிந்ததை ரவிக்கையைப் பிடித்துத் தைக்கும்போது நான்தான் முதலில் கவனித்தேன்.

புரோத்ராபூரிலிருந்து உங்கள் சித்தப்பா பார்க்க வந்தார். மாமாவின் தம்பி, நம் குடும்பத்தில் மிச்சமிருந்த ஒரே பெரியவர். தோட்டத்து வாழைப்பழச் சீப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தபடி சொன்னார். "கத்திக் கத்தியே தொண்டைய கெடுத்துக்கிட்டா. பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இம்புட்டுச் சத்தம்?"

கம்மிய குரலிலும் நீங்கள் விடவில்லை. "சித்தப்பா, உங்க முழங்காலு ரெண்டும் வலிக்கே, அது நடந்த குத்தத்துக்கா?" என்று கேட்டீர்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். ஆனால் தான் சொன்னதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அது எப்படியோ கடைத்தெரு வரைக்கும் பரவியது. வாய்க்காரிக்கு வாயிலேயே வந்துவிட்டது என்று என் காதுபடவே ஒருத்தி சொன்னாள்.

அண்ணத்தில் புண் வந்தது. மூச்சில் ஒரு நாற்றம் வந்தது. அது உங்களுக்கே தெரிந்தது. அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரி கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொள்வதாகச் சொன்னீர்கள், அழாமல். கடைசியில் படுத்தால் மூச்சு விசிலடிக்க ஆரம்பித்தது. இங்கே தொண்டை டாக்டர் மெல்லிய குழாய் விட்டுப் பார்த்துவிட்டு மறைக்காமல் சொன்னார். மூக்கின் பின்புறத்திலிருந்து குரல்வளை வரை சதை புண்ணாகிச் சிதைந்திருக்கிறது, மூச்சு போகும் வழி குறுகிக்கொண்டே வருகிறது, இங்கே வைத்துக்கொண்டு நாளைக் கடத்த வேண்டாம், மெயின்லேண்டுக்குப் போங்கள் என்றார். சுற்றி வளைக்காமல் பேசியதற்காக அவருக்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்தீர்கள்.

சென்னையில் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தவுடனே கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்துவிட்டார்கள். அதற்குமேல் தாமதித்திருந்தால் மூச்சு நின்றிருக்கும். காற்று அந்தக் குழாய் வழியாகவே போய் வந்ததில், அடைத்துக் கிடந்த குரல்வளைக்கு வேலையில்லாமல் போய்விட்டது. நீங்கள் கண்விழித்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தீர்கள். சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தீர்கள். அப்போது உங்கள் முகத்தில் வந்த கோபத்தை நான் மறக்கவில்லை. கைதட்டி என்னைக் கூப்பிட்டு, எழுதுவதுபோலக் காட்டினீர்கள். ஆஸ்பத்திரி வாசல் கடையில் குழந்தைகளின் சிலேட்டு ஒன்று வாங்கி வந்தேன். முதலில் எழுதியது, "சோறு எப்ப?"

உங்கள் தம்பியின் லீவு முடிந்தது. கூட வந்திருந்த என் மகள் கனிக்குப் பரீட்சை. அவர்கள் இருவரும் ஊருக்குத் திரும்ப, நான் உங்களோடு தங்கினேன். ஊரையே அதட்டிய நீங்கள் சத்தமில்லாமல் கிடந்தீர்கள். உங்களுக்காகப் பேச வேண்டியவள், கடையில் மிச்சச் சில்லறை கேட்கவே கூச்சப்படுகிற நான்.

தொண்டையிலிருந்து சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். புற்று இல்லை, செத்த சதையும் அழற்சியும்தான் என்று வந்தது. இரண்டாம் முறையும் அதே பதில். நான் போனில் சொன்னதும் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். சித்தப்பா, நான் அப்பவே சொல்லலியா, ஒன்னும் இல்ல, கூட்டிட்டு வாங்க என்றார். நீங்கள் மட்டும் சந்தோஷப்படவில்லை. காய்ச்சல் விடவில்லை. புண் பெருகிக்கொண்டிருந்தது.

பெரிய டாக்டர் தன் அறைக்குக் கூப்பிட்டார். இரண்டு முறை பார்த்தாயிற்று, மருந்து எழுதித் தருகிறேன், ஊருக்குப் போய்விட்டு ஒரு மாதம் கழித்து வாருங்கள் என்றார். அவர்மேல் தப்புச் சொல்ல முடியாது. கையில் இருந்த ரிசல்ட் அப்படி. நீங்கள் நாற்காலியை விட்டு எழவில்லை. சிலேட்டில் எழுதி என்னிடம் நீட்டினீர்கள். நான் வழக்கம்போல முனகலாக வாசித்தேன். டாக்டர், என்ன சொன்னீங்க என்று கேட்டார். நீங்கள் சிலேட்டைப் பிடுங்கி, அதன் கீழே இன்னொரு வரி எழுதி என் மடியில் வைத்தீர்கள்.

"ஏட்டி, மெதுவா வாசிக்காத. என் சத்தத்துல வாசி."

எழுந்து நின்று வாசித்தேன். "ஒன்னும் இல்லன்னா மூச்சு எதுக்கு அடைக்கு? காய்ச்ச எதுக்கு வருது? என்னன்னு தெரியாம நான் இங்கேந்து எந்திரிக்க மாட்டேன்." என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்கள் கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்தார்கள். நீங்கள் தலையை ஆட்டினீர்கள், இப்போதுதான் சரி என்பதுபோல.

அறையில் பெரிய டாக்டரிடம் பயிற்சியிலிருந்த ஒரு டாக்டரம்மா நின்றிருந்தார். கனியைவிடப் பதினைந்து வயது கூட இருக்கலாம். இன்னும் ஆழத்திலிருந்து, இன்னும் பெரிய துண்டாக எடுத்துப் பார்க்கலாமா சார் என்று அவர்தான் கேட்டார். பெரிய டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார். மயக்கம் கொடுத்து எடுத்தார்கள்.

பதில் வந்த அன்று அந்த டாக்டரம்மா நம் கட்டில் ஓரமாக உட்கார்ந்துகொண்டு சொன்னார். இது லிம்ஃபோமா. ரத்தத்தில் நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களில் ஒரு வகை கெட்டுப்போய்ப் பெருகுவது. பெரும்பாலும் கழுத்திலோ அக்குளிலோ கட்டியாக வரும். அபூர்வமாக ஒரு வகை மூக்கிலும் தொண்டையிலும் தொடங்குகிறது. அது போகிற இடத்தில் சதையைச் சாகடித்துக்கொண்டே போவதால், மேலாக எடுத்தால் செத்த சதைதான் வரும். அடியில்தான் நோய் இருக்கும். அவர் சொல்லி முடித்ததும் நான் அழுதுவிட்டேன். நீங்கள் அழவில்லை. சிலேட்டில், "கத்துனதால வந்ததா?" என்று எழுதினீர்கள்.

இல்லவே இல்லை என்றார் அவர். கத்தினாலும் வராது, பேசாமல் இருந்தாலும் தடுக்க முடியாது, குடும்பத்தில் வழிவழியாக வருவதும் அல்ல என்றார்.

நீங்கள் உடனே என்னிடம் போனைக் காட்டி, சித்தப்பா நம்பரைப் போடச் சொன்னீர்கள். ஸ்பீக்கரைப் போடச் சொன்னீர்கள். டாக்டரம்மாவிடம் சிலேட்டை நீட்டினீர்கள். "அதையே இவர்ட்ட சொல்லுங்க." பாவம், அவர் ஒரு கணம் திகைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு போனைக் கையில் வாங்கி, ஐயா, நான் டாக்டர் பேசறேன், உங்க பொண்ணுக்கு வந்த நோய் சத்தமாப் பேசினதால வந்தது இல்லை என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். மறுமுனையில் சித்தப்பா, சரிங்கம்மா, சரிங்கம்மா என்றார். புற்று என்று தெரிந்த நாளில் உங்களைப்போலச் சிரித்த ஒருவரை அந்த வார்டில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். சத்தமே வராத சிரிப்பு. குழாயிலிருந்து காற்று மட்டும் புஸ் புஸ்ஸென்று வந்தது.

கதிர்வீச்சும் ஊசி மருந்துமாக மாதங்கள் போயின. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறை எடுத்திருந்தோம். தலை அசையக் கூடாது என்று உங்கள் முகத்துக்கு அளவெடுத்து வலைபோன்ற முகமூடி செய்து மேசையோடு பூட்டுவார்கள். வெளியே வரும்போது கன்னமெல்லாம் கட்டம் கட்டமாகத் தடம் இருக்கும். வாய் வெந்துபோனது. எச்சில் வற்றியது. உப்பும் சோடா மாவும் கலந்த தண்ணீரைக் கொப்பளித்துக்கொண்டே இருந்தீர்கள். தைரியமா இருங்க என்று சொல்ல வருகிறவர்களைப் பார்த்தால் உங்களுக்கு எரிச்சல் வரும். "தைரியம் இருக்கு. தயிர்சாதம் எறங்கல. அதுக்கு வழி சொல்லு" என்று எழுதிக் காட்டுவீர்கள்.

ஒரு மத்தியானம், கொப்பளித்துக்கொண்டிருந்த மக்கைச் சுவரில் வீசியெறிந்தீர்கள். தண்ணீர் கட்டில்மேல் எல்லாம் தெறித்தது. பிறகு சிலேட்டை எடுத்து, "பயமா இருக்குட்டி" என்று எழுதினீர்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கொஞ்சம் கழித்துச் சிலேட்டைத் துடைத்துவிட்டு, "அவன்ட்ட சொல்லாத" என்று எழுதினீர்கள். பிறகு நீங்களே எழுந்து போய்த் துடைப்பத்தை எடுத்து வந்தீர்கள். பயந்துகொண்டே செய்தீர்கள், எல்லாவற்றையும். பயமே இல்லாதவர் என்று இப்போது யாராவது உங்களைப் புகழ்ந்தால் எனக்குப் பிடிக்கவில்லை. அது உங்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்வது.

வைத்தியம் முடிந்து எடுத்த ஸ்கேனில் நோய் தெரியவில்லை என்றார்கள். தழும்பு விழுந்து பாதை சுருங்கியே இருந்ததால் குழாயை எடுக்க முடியவில்லை. வேறு மாதிரிக் குழாய் மாற்றி, விரலால் அதன் வாயை அடைத்துக்கொண்டு பேசப் பழக்கினார்கள். முதல் நாள் வெறும் காற்று. சில நாள் கழித்து, தகரத்தைத் தரையில் இழுப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தில் நீங்கள் சொன்ன முதல் வார்த்தை, "ஏட்டி." நான் லாட்ஜ் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தேன்.

ஊர் திரும்பினோம். அலுவலகத்தில் உங்களுக்குப் பழைய பைல்கள் வைக்கிற அறையில் ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். அமைதியான இடம், யாரோடும் பேச வேண்டியதில்லை என்று அதிகாரி அன்பாகச் சொன்னாராம். நீங்கள் கழுத்தில் விரலை வைத்து, எனக்குப் பழைய ஸீட்டே போதும் என்றீர்கள். ஆட்களுக்குப் புரியாதேம்மா என்றார் அவர். புரியலன்னா மறுபடி சொல்லுதேன் என்றீர்கள். ஒரு வாரம் பார்க்கலாம் என்று ஒத்துக்கொண்டார்.

அந்த முதல் நாள் கதையை வீட்டுக்கு வந்து நடித்தே காட்டினீர்கள். எடுத்த முதல் போனில் ஒரு ஆள், யார் இது, குடித்திருக்கிறாயா, ஆணா பெண்ணா என்று ஹிந்தியில் கத்தியிருக்கிறான். நீங்கள் விரலை அழுத்திக்கொண்டு நிதானமாகக் கேட்டிருக்கிறீர்கள். "பாய்சாப், ஆப்கோ கரண்ட் சாஹியே யா மேரி ஆவாஸ்?" கரண்ட் வேண்டுமா, என் குரல் வேண்டுமா. அவன் கரண்ட் என்றானாம். அப்ப ஏரியா பேரச் சொல்லு. அவ்வளவுதான். அந்த ஒரு வாரம் வருஷங்களாக நீண்டது. ஊர் அந்தப் புதுக் குரலையும் பழகிக்கொண்டது.

கழுத்தை மறைத்துக்கொள்ளச் சொன்னவர்களையும் பழக்கினீர்கள். புரோத்ராபூரில் சித்தப்பா பேத்தியின் கல்யாணத்தில் ஒரு அம்மாள், முந்தானையைக் கொஞ்சம் சுற்றிக்கோங்க, பிள்ளைங்க பயப்படுதுங்க என்றாள். நீங்கள் பந்தலில் ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கைதட்டிக் கூப்பிட்டு வரிசையாக உட்கார வைத்து, ஈரத்துணியை விலக்கிக் காட்டினீர்கள். "இதான் என் மூக்கு. உங்களுக்கு மூஞ்சில இருக்கு, எனக்குக் கழுத்துல." ஒரு பையன், அப்போ சளி எங்கே வரும் என்று கேட்டான். இங்கயேதான் என்றீர்கள். அவனுக்கு ரொம்பத் திருப்தி. சாப்பாட்டுக்கு உங்கள் பக்கத்து இலையில்தான் உட்கார்ந்தான்.

அதெல்லாம் நம் நாட்கள், மதினி. யாரும் கொடுத்தது அல்ல. நீங்கள் நாற்காலியை விட்டு எழாமல் வாங்கியவை. கனி பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததைப் பார்த்தீர்கள். அவளுக்குச் சைக்கிளும் பிறகு ஸ்கூட்டியும் ஓட்டப் பழக்கியது நீங்கள். வண்டிக்குப் பின்னால் ஓடிக்கொண்டே கழுத்தில் விரலை வைத்துத் திட்டுவீர்கள். நம் தெருவே வாசலில் நின்று பார்க்கும்.

பிறகு அது திரும்ப வந்தது. தொடையில் ஒரு தடிப்பாக, சாயங்காலக் காய்ச்சலாக. மறுபடி சென்னை. அந்த டாக்டரம்மா இப்போது பெரிய டாக்டராகியிருந்தார். இன்னொரு மருந்து இருக்கிறது, பலிக்க வாய்ப்பு கொஞ்சம்தான் என்றார். நீங்கள், கொஞ்சம்னா இருக்குன்னுதானே அர்த்தம், போடுங்க என்றீர்கள். போட்டார்கள். இரண்டு சுற்று முடிந்து பார்த்தபோது நோய் நுரையீரலுக்குப் போயிருந்தது. அன்று அவர் ஸ்கேன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நீங்கள்தான் அவர் கையைத் தட்டி, சரி, நான் வீட்டுக்குப் போறேன் என்றீர்கள்.

மின்னி பே வீட்டில் முன்னறைக் கட்டிலில் உங்களைப் படுக்க வைத்தோம். பார்க்க வந்தவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். அது உங்களுக்குப் பிடிக்கவில்லை. சத்தமாப் பேசுங்க, எனக்குத் தொண்டைதான் போச்சு, காது போகலை என்று அவர்களை விரட்டினீர்கள். சித்தப்பா தினமும் பஸ் ஏறி வந்தார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். ஒருநாள், ஏளா, ஏதாவது ஏசேன் என்று கேட்டார். நீங்கள் விரலைத் தூக்க முயன்று முடியாமல் அவரைப் பார்த்துச் சிரித்தீர்கள். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அதற்கு அடுத்த நாள் காலை, நான் உங்கள் கழுத்துத் துணியை மாற்றிக்கொண்டிருந்தேன். என் கையைப் பிடித்து உங்கள் குழாயின்மேல் வைத்தீர்கள். உங்கள் விரலுக்கு வலுவில்லை. என் விரலால் அடைத்துக்கொண்டுதான் பேசினீர்கள்.

"நான் நிம்மதியாப் போய்ட்டேன்னு எவன்ட்டயும் சொல்லாத. எனக்குப் போக இஷ்டம் இல்ல."

சொல்ல மாட்டேன் என்றேன். சத்தமாச் சொல்லு என்றீர்கள். சொல்ல மாட்டேன் மதினி என்று சத்தமாகச் சொன்னேன். சமையலறையிலிருந்து உங்கள் தம்பி ஓடி வந்தார்.

இரண்டு நாள் கழித்துப் போனீர்கள். வெளியே நல்ல வெயில். போகும்போது உங்கள் புருவம் சுருங்கியிருந்தது. கண்ணை மூடிவிட்டு நான் அதை நீவிவிடவில்லை. அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன்.

கூடத்தில் கிடத்தியிருந்தபோது உறவுக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். பட்ட பாடு போதும், நிம்மதியாப் போய்ச் சேர்ந்துட்டா என்று ஒருவர். அத்தனை அலைச்சல் அலைந்து, சதையைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்து, கடைசியில் என்ன ஆயிற்று, அப்போதே விட்டிருக்கலாம் என்று இன்னொருவர். நான் உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து நின்றேன்.

"அவங்க நிம்மதியாப் போகல. அவங்களுக்குப் போக இஷ்டம் இல்ல. இருக்கணும்னு கேட்டாங்க, அத்தனை வருஷம் இருந்தாங்க. விட்டிருக்கலாம்னு யாரும் என் வீட்டுல சொல்லக் கூடாது."

உங்கள் தம்பி என்னை உட்காரச் சொல்வாரென்று நினைத்தேன். சொல்லவில்லை. சித்தப்பா மட்டும் மூலையிலிருந்து, அவ சொல்லுறது சரிதான் என்றார்.

இப்போது கனிக்கு வரன் பார்க்கிறோம். போன மாதம் ஒரு குடும்பம் வந்தது. பையனுக்குக் கப்பல் துறையில் வேலை. நல்ல பையன்போலத்தான் இருந்தான். அவர்கள் வருவதற்கு முன்பே உங்கள் தம்பி என்னிடம், அக்காவைப் பற்றிக் கேட்டால் உடம்புக்கு முடியாமல் இறந்தார்கள் என்று மட்டும் சொல்லிவிடு என்றார். அவர்மேல் கோபமில்லை. மகளைப் பற்றிய பயம். பையனின் அம்மா சுவரில் உங்கள் படத்தைப் பார்த்தார். கழுத்துக் குழாய் நன்றாகத் தெரிகிற படம். நான்தான் அதை மாட்டினேன். அவங்களுக்கு என்ன என்று கேட்டார்.

நான் சொன்னேன். புற்றுநோய், தொண்டையிலும் மூக்கிலும் வரும் அபூர்வமான லிம்ஃபோமா, வைத்தியம் பார்த்துக் குணமாகி அந்தக் குழாயோடே வேலை பார்த்தார்கள், பிறகு திரும்ப வந்து இறந்தார்கள் என்று முழுவதும் சொன்னேன். பரம்பரையா வருமா என்று கேட்டார். வராதுன்னு டாக்டர் சொன்னாங்க, வருவதா இருந்தாலும் உங்ககிட்ட இதேபோலத்தான் சொல்லியிருப்பேன் என்றேன். உங்கள் தம்பி காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் பலகாரம் சாப்பிட்டுவிட்டு, கலந்து பேசிச் சொல்கிறோம் என்று கிளம்பினார்கள். இன்னும் போன் வரவில்லை. வராது என்றுதான் நினைக்கிறேன்.

அன்று டம்ளர்களைக் கழுவிக்கொண்டே கனி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இதுக்கே பயப்படுற வீட்டுல நான் என்னம்மா பண்ணப் போறேன்?" என்றாள். உங்கள் தம்பிக்கு அதைக் கேட்டுச் சிரிப்பு வந்துவிட்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்தார்.

என் குரல் இப்போதும் சின்னக் குரல்தான். ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரி வரிசையிலும் நான் முன்னால் பாய்ந்துவிடுவதில்லை. ஆனால், சரி விடு, எதுக்கு வம்பு என்று யாராவது என்னைத் தலையாட்ட வைக்கப் பார்க்கும்போது நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு சூடு கிளம்பிக் காதுவரை ஏறுகிறது. கால் அதுபாட்டுக்கு எழுந்து நின்றுவிடுகிறது. இந்தச் சூடு என் பிறந்த வீட்டுச் சீதனத்தில் இல்லை, மதினி. உங்களுடையது. நீங்களே வந்து கேட்டாலும் திருப்பித் தரமாட்டேன்.